கடைமடைக்கு எட்டும் வெயில்

என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு மாலையில் அறிவியல் நோட்டில் உணவுச் சங்கிலி வரைந்துகொண்டிருந்தாள். புல், மான், புலி மூன்றையும் வரிசையாக வரைந்து, புலியிலிருந்து மானுக்கு ஓர் அம்பும் மானிலிருந்து புல்லுக்கு ஓர் அம்பும் போட்டிருந்தாள்.

"அம்பு திரும்பியிருக்கிறதே" என்றேன்.

"புலிதானே அத்தை மானைத் துரத்துகிறது? அம்பு புலியிடமிருந்துதானே கிளம்ப வேண்டும்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. உணவுச் சங்கிலி என்றவுடன் யார் யாரைத் தின்கிறார்கள் என்ற கதைதான் நம் மனதில் ஓடுகிறது. பெரியவர்களும் இப்படித்தான். "யூரியாதான் பயிருக்குச் சாப்பாடு" என்கிறோம். "இயற்கையில் எல்லாமே சுழற்சி, எதுவும் வீணாவதில்லை" என்று மேடையில் பேசுகிறோம். "காலை வெயிலில் நின்றால் உடம்புக்குச் சூரிய சக்தி ஏறும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. மூன்று பேச்சிலும் இருப்பது ஒரே குழப்பம்: பொருளையும் ஆற்றலையும் ஒன்றாக எண்ணிவிடுவது. இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டால் மற்றவை தாமாக விளங்கிவிடும். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் நெல்வயல். அதை வைத்தே சொல்கிறேன்.

அம்பு எந்தப் பக்கம் போகிறது?

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம், காவிரியின் கடைமடைப் பகுதி. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரே கேள்விதான்: "கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?" வழியில் இருக்கும் வயல்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வாய்க்கால் மண் கொஞ்சம் குடிக்கும். வெயில் கொஞ்சம் உறிஞ்சும். அணையில் திறந்துவிட்டது எவ்வளவு, எங்கள் மடையில் வந்து விழுவது எவ்வளவு என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும்.

இந்த வாய்க்காலுக்குப் படம் வரைந்தால் அம்பை எந்தப் பக்கம் போடுவோம்? தண்ணீர் போகும் பக்கம். உணவுச் சங்கிலியின் அம்பும் அப்படித்தான். துரத்துவது யார் என்பதை அது காட்டவில்லை. ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறது. புல்லில் இருந்த ஆற்றல் மானுக்குப் போகிறது, மானில் இருந்தது புலிக்குப் போகிறது. ஆகவே அம்பு புல்லிலிருந்து கிளம்புகிறது.

ஆற்றல் என்றால் என்ன? எந்த வேலையும் நடப்பதற்குத் தேவையான திறன். இதயம் துடிக்க, இலை துளிர்க்க, தவளை தாவ, நீங்கள் இந்த வரியைப் படிக்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஓர் உயிரிடமிருந்து அதைத் தின்னும் உயிருக்கு, அதனிடமிருந்து இன்னொன்றுக்கு என்று ஆற்றல் கைமாறும் வழியே உணவுச் சங்கிலி. நிஜ வயலில் இந்த வழிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒரே தவளையைப் பாம்பும் தின்னும், கொக்கும் தின்னும். அந்தப் பின்னலுக்கு உணவு வலை என்று பெயர். விளக்கத்துக்கு ஒற்றைச் சங்கிலி போதும்.

மரம் எதைத் தின்று வளர்கிறது?

சங்கிலியின் முதல் கண்ணி செடி. அது எதைச் சாப்பிடுகிறது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "மண்ணில் இருக்கும் சத்தை" என்பார்கள். இதைச் சோதித்துப் பார்த்தவர் இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணை எடைபோட்டு ஒரு தொட்டியில் நிரப்பினார். அதில் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான ஒரு வில்லோ மரக் கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி எடைபோட்டால், ஏறத்தாழ 77 கிலோ. மண்ணை மறுபடி உலர்த்தி எடைபோட்டார். குறைந்திருந்தது 60 கிராமுக்கும் கீழே.

அவர் இறந்த பிறகு, 1648-ல், இந்தச் சோதனை அச்சில் வந்தது. எழுபத்து ஐந்து கிலோ மரம் மண்ணிலிருந்து வரவில்லை என்பது தெளிவாகிவிட்டது. அப்படியானால் அது தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். பாதி சரி. மீதிப் பாதி, அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத காற்றிலிருந்து வந்தது.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான் இருக்கிறது. பத்தாயிரம் பங்கில் நான்கு பங்கு. அந்தச் சொற்பத்தை இலை தன் அடிப்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இழுத்து, தண்ணீரோடு சேர்த்து, தன் உடலைக் கட்டுகிறது. ஒரு கைப்பிடி அரிசியை அள்ளிப் பாருங்கள். அதன் எடையில் பெரும்பகுதி ஒரு காலத்தில் வயலுக்கு மேலே வீசிக்கொண்டிருந்த காற்று. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெகுநேரம் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூரியாவுக்கு என்ன வேலை? அது நைட்ரஜன் தருகிறது. இலையின் பச்சையத்தையும் புரதத்தையும் கட்ட நைட்ரஜன் வேண்டும். வீடு கட்டச் செங்கல் வேண்டும், ஆனால் செங்கல் தானே சுவரில் ஏறி உட்காராது. கொத்தனாரின் உழைப்பு வேறு. இருட்டறையில் ஒரு செடியை வைத்து எவ்வளவு உரம் போட்டாலும் அது வெளிறித்தான் சாகும். உரம் பொருள். செடிக்கு ஆற்றல் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

மோட்டாரும் மேல்தொட்டியும்

வீட்டு மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கிணற்றில் இருந்த அதே தண்ணீர்தான் தொட்டியிலும் இருக்கிறது. ஆனால் தொட்டித் தண்ணீரால் ஒன்று முடியும்: குழாயைத் திறந்தால் வேகமாகப் பாயும், சக்கரம் வைத்தால் சுற்றும். கிணற்றில் கிடந்தபோது அதனால் இது முடியவில்லை. இடையில் நடந்தது என்ன? மோட்டார் மின்சாரத்தைச் செலவழித்து அதை மேலே ஏற்றியது. செலவான மின்சாரத்தின் ஒரு பங்கு இப்போது தண்ணீரின் உயரத்தில் காத்திருக்கிறது.

இலைக்குள் நடப்பதும் இப்படி ஓர் ஏற்றம்தான். கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கீழே கிடப்பவை. அவற்றை எரித்து வெப்பம் பெற முடியாது, ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பல் போன்றவை அவை. இலையில் பச்சையம் என்ற நிறப்பொருள் இருக்கிறது. அது வெயிலில் உள்ள சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிக்கொள்கிறது, பச்சையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. இலை பச்சையாகத் தெரிவது அதனால்தான். விழுங்கிய ஒளியைக் கொண்டு இலை தண்ணீரைப் பிளக்கிறது. பிளந்ததில் வெளியேறும் ஆக்சிஜன் காற்றில் கலக்கிறது. மிச்சமிருப்பதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது. ஒளியின் துணையால் நடக்கும் இந்த வேலைக்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர்.

இப்போது மேல்தொட்டி நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் செடிக்குள் சர்க்கரை, மறுபக்கம் காற்றில் ஆக்சிஜன். இரண்டும் பிரிந்து நிற்கும்வரை ஆற்றல் காத்திருக்கும். இரண்டும் மறுபடி சேரும்போது, அடுப்பில் விறகாக எரிந்தாலும் சரி, உங்கள் உடலில் சோறாகச் செரித்தாலும் சரி, ஏற்றியது இறங்கும், ஆற்றல் வெளிப்படும். நாம் சாப்பிடுவதோடு மூச்சும் விட வேண்டியிருப்பது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. தொட்டியைத் திறக்கும் குழாய் அந்த ஆக்சிஜன்.

மோட்டாரை ஓட்டுவது சூரியன். அதன் நடுப்பகுதியில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒவ்வொரு நொடியும் சுமார் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாக மாறிப் போகிறது. சூரியனின் மேற்பரப்பிலிருந்து புறப்பட்ட ஒளி 8 நிமிடம் 20 நொடியில் நம் வயலை வந்து தொடுகிறது.

இதுவரை சொன்னது: செடியின் உடல் காற்றாலும் தண்ணீராலும் ஆனது, கொஞ்சம் மண்சத்தும் உண்டு. அவற்றைச் சேர்த்துக் கட்டும் ஆற்றல் வெயிலிலிருந்து வருகிறது. கட்டிய பொருளில் அந்த ஆற்றலின் ஒரு பங்கு தங்கியிருக்கிறது.

ஒரு சதுர மீட்டர் வயலின் கணக்கு

எவ்வளவு வெயில் விழுகிறது, எவ்வளவு சோறாகிறது? மின்சார பில்லில் வரும் யூனிட்டிலேயே பார்க்கலாம். நம் ஊர் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சுமார் 5 யூனிட் ஆற்றலைக் கொண்டு வந்து கொட்டுகிறது. நெல் வயலில் நிற்கும் நாட்களை 100 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 யூனிட்.

நல்ல விளைச்சல் என்றால் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 600 கிராம் நெல். அரைத்தால் 400 கிராம் அரிசி. அதில் உள்ள ஆற்றல் சுமார் 1,400 கிலோ கலோரி, யூனிட்டில் சொன்னால் 1.6.

500 யூனிட் வெயில் விழுந்தது. தட்டுக்கு வந்தது 1.6 யூனிட்.

வைக்கோல், உமி, தவிடு, வேர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 5 யூனிட்தான், அதாவது நூற்றில் ஒன்று. மீதி எங்கே? வெயிலில் பாதிக்கு மேல் பச்சையம் பயன்படுத்த முடியாத வகை ஒளி. நாற்று சிறிதாக இருக்கும் நாட்களில் பெரும்பகுதி தண்ணீரிலும் சேற்றிலும் விழுந்து வெப்பமாகிவிடுகிறது. விழுங்கிய ஒளியிலும் ஒவ்வொரு கட்டத்திலும் கசிவு உண்டு. மொட்டைமாடியில் வைக்கும் சோலார் தகடு நூற்றுக்கு இருபதைப் பிடிக்கும். அதைக் காட்டி நெல்லைக் குறைசொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. சோலார் தகடு ஒரு பிடி விதையிலிருந்து தானே முளைப்பதில்லை, கிழிந்தால் தானே தழைப்பதுமில்லை.

இந்தக் கணக்கை எங்கள் ஊர்க்காரர்கள் எண் இல்லாமலே அறிந்துவைத்திருக்கிறார்கள். கதிர் வெளிவரும் நேரத்தில் உச்சியில் நிமிர்ந்து நிற்கும் கடைசி இலையைக் கண்ணாடி இலை என்பார்கள். மணிக்குள் சேரும் மாவின் பெரும்பங்கை அந்த இலையும் அதை அடுத்த ஓரிரு இலைகளும்தான் சமைத்துக் கொடுக்கின்றன. பால் பிடிக்கும் நாட்களில் ஒரு மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் பீறிடும். அது ஒரு வாரத்துக்கு முன்பு வரை வெயிலாகவும் காற்றாகவும் இருந்தது. அந்த நாட்களில் வானம் தொடர்ந்து மூட்டமாக இருந்தால் என் அப்பா வரப்பில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார். மூட்டம் நீடித்தால் பதர் கூடும். தண்ணீர் இருக்கும், உரம் இருக்கும், வெயில் மட்டும் இருக்காது. மணி உமியாக நின்றுவிடும். இலைச்சுருட்டுப் புழு கண்ணாடி இலையைச் சுரண்டினால் அவர் அத்தனை பதறியதும் இதனால்தான்.

500 ரூபாய்த் தாளும் சில்லறையும்

பஸ்ஸில் ஏழு ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் வாங்கமாட்டார். பணம் இருக்கிறது, ஆனால் அந்த வேலைக்கு அந்த வடிவம் உதவாது. உடலின் செல்களுக்கும் இதே சிக்கல். சர்க்கரை பெரிய நோட்டு. ஒரு தசைநார் சுருங்குவதற்குத் தேவைப்படுவது சில்லறை.

அந்தச் சில்லறைக்கு ஏடிபி என்று பெயர். சர்க்கரையை ஆக்சிஜனோடு சிறுகச் சிறுகச் சேர்த்து, வெளிவரும் ஆற்றலை ஏடிபி ஆக்கும் வேலைக்குச் செல் சுவாசம் என்று பெயர். நெஞ்சு ஏறி இறங்குவது வெளிச்சுவாசம். இது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடப்பது. நம் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி மிகக் கொஞ்சம். ஆனால் அதையே செலவழித்து, மறுபடி ஆக்கி, மறுபடி செலவழித்து, ஒரு நாளில் ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்கு ஏடிபியைப் புரட்டிவிடுகிறோம்.

செடியும் இப்படித்தான் வாழ்கிறது. "செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில்தான் சுவாசிக்கும்" என்பது பரவலான பிழை. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் சம்பாதிப்பது செலவைவிட அதிகமாக இருப்பதால் சுவாசம் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நல்ல உடலுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 கிலோ கலோரி என்றால் அது 2.3 யூனிட். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று நாள் முழுக்க எரிந்தால் ஆகும் செலவு. அந்தப் பல்பை ஓராண்டு எரிய வைக்க, அரிசி மட்டுமே உணவு என்று வைத்தால், ஒரு போகத்தில் சுமார் 13 சென்ட் வயல் வேண்டும்.

ஒவ்வொரு மடையிலும் குறைவது எப்படி?

இப்போது வாய்க்காலில் கீழே இறங்குவோம். வயலில் நெற்பயிர். அதைத் தின்னும் வெட்டுக்கிளி. அதைப் பிடிக்கும் தவளை. தவளையை விழுங்கும் சாரைப்பாம்பு. பாம்பைத் தூக்கும் பருந்து. பயிரில் 10,000 பங்கு ஆற்றல் சேர்ந்திருக்கிறது என்றால், வெட்டுக்கிளிகளின் உடலாக மாறுவது சுமார் 1,000. தவளைகளாவது 100. பாம்பாவது 10. பருந்துக்கு எட்டுவது 1. எங்கள் கடைமடைக் கதையேதான்.

ஒவ்வொரு படியிலும் நூற்றில் 90 பங்கு எங்கே போகிறது? மொத்தமும் ஒரே இடத்தில் வெப்பமாகிவிடுகிறது என்று நினைத்துவிடக்கூடாது. முதலில், எல்லாப் பயிரையும் வெட்டுக்கிளி தின்பதில்லை. தின்னப்படாதது காய்ந்து விழுகிறது. அடுத்து, தின்றதெல்லாம் செரிப்பதில்லை. இலையில் நார் அதிகம், அதில் பெரும்பங்கு எச்சமாக வெளியே வந்துவிடுகிறது. கடைசியாக, செரித்ததிலும் பெரும்பகுதி குதிக்க, பறக்க, உடலை நடத்தச் செலவாகி வெப்பமாகிறது. இந்த மூன்றும் போக, எது உடலாகத் தங்குகிறதோ அதுதான் அடுத்த வாய்க்குக் கிடைக்கும்.

இதை முதலில் அளந்து காட்டியவர் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் ஏரி என்ற சிறிய ஏரியில் பாசி முதல் மீன்வரை எடைபோட்டு, ஒவ்வொரு படியிலும் ஆற்றலைக் கணக்கிட்டார். அவருடைய கட்டுரை முதலில் மறுக்கப்பட்டது. 1942-ல் அது அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை, சில மாதங்களுக்கு முன்பு 26 வயதில் இறந்துவிட்டார். பத்து சதவீத விதி என்று இன்று பள்ளியில் படிப்பதற்கு வேர் அந்தக் கட்டுரைதான். ஆனால் அவர் அளந்த எண்களே சீராகப் பத்தாக இல்லை. ஒரு படியில் 13, இன்னொரு படியில் 22. பத்து என்பது கைக்கு அடக்கமான சராசரி, சட்டம் இல்லை.

ஏன் மாறுபடுகிறது என்றால், உடலைச் சூடாக வைத்திருக்கும் விலங்குக்குச் செலவு அதிகம். செரித்த உணவில் ஒரு பூச்சி 40 சதவீதம் வரைகூடத் தன் உடலாக மாற்றிக்கொள்ளும். மீன் சுமார் 10 சதவீதம். பறவையும் பாலூட்டியும் 1 முதல் 3 சதவீதம்தான். மீதியை அடுப்பில் போட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு தவளையை விழுங்கிய பாம்பு பல நாள் பேசாமல் கிடக்கும். அதே எடையுள்ள கீரிப்பிள்ளையால் அப்படிக் கிடக்க முடியாது.

புலியை ஏன் யாரும் தின்பதில்லை?

புலியை வெல்லும் வீரம் எதற்கும் இல்லை என்பது ஒரு விடை. அதைவிட ஆழமான விடை கணக்கில் இருக்கிறது. ஒரு புலி ஓராண்டில் புள்ளிமான் அளவுள்ள விலங்குகளில் சுமார் 50 அடித்துத் தின்கிறது. மான் கூட்டம் குறைந்துவிடாமல் ஆண்டுக்கு 50 தர வேண்டுமென்றால் காட்டில் 500 மான்களாவது இருக்க வேண்டும். 500 மான்களுக்கு எத்தனை புல்வெளி, எத்தனை தழை! ஒரு புலிக்கே இவ்வளவு பெரிய காடு என்றால், புலியை மட்டும் தின்று வாழும் ஒரு விலங்குக்கு எத்தனை காடு வேண்டும்? அதற்குத் தேவையான வெயில் விழும் பச்சை நிலம் எங்கும் ஒரே துண்டாக இல்லை. உணவுச் சங்கிலிகள் நான்கு, ஐந்து கண்ணிகளில் முடிந்துவிடுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆகவே காட்டைச் சாலையும் வேலியும் துண்டாடும்போது முதலில் காணாமல் போவது கடைமடையில் இருப்பவைதான். வாய்க்காலின் நடுவில் கை வைத்தாலும் விளைவு உண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டு வயல்களிலிருந்து தவளைகளைக் கூடை கூடையாகப் பிடித்து, காலை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பூச்சியைத் தின்னும் தவளை போனால் பயிர் என்னாகும் என்ற கவலை எழுந்தது. 1987-ல் அந்த ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி வரும்: அப்படியானால் இறைச்சி உண்பது வீணா? நாம் தின்னக்கூடிய தானியத்தைப் போட்டு வளர்த்த விலங்கு என்றால், ஆற்றல் கணக்கில் ஒரு மடை கூடுகிறது, இழப்பும் கூடுகிறது. ஆனால் வேலியோரப் புல்லையும் கருவேலங்காயையும் மேய்ந்து வளர்ந்த ஆடு, நம் குடலால் செரிக்கவே முடியாத நாரை உணவாக மாற்றித் தருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

எருக்குழிக்குள் கை

"எல்லாமே சுழற்சி" என்ற பேச்சுக்கு வருகிறேன். பொருளைப் பொறுத்தவரை அது உண்மை. பருந்து செத்தால், அதன் உடலில் உள்ள கார்பனும் நைட்ரஜனும் மண்ணுக்கும் காற்றுக்கும் திரும்பும், அடுத்த போகத்தில் நெல்லாகவும் வரலாம். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா, பூஞ்சை முதலியவற்றுக்குச் சிதைப்பான்கள் என்று பெயர். சருகு, சாணம், பிணம் எல்லாம் இவற்றின் உணவு. கடைமடை வரை போகாமல் ஒவ்வொரு படியிலும் ஒதுங்கிய ஆற்றலை இவை எடுத்துக்கொள்கின்றன.

எடுத்து என்ன செய்கின்றன? மார்கழி விடியலில் எங்கள் கொல்லையில் எருக்குழியைக் கிளறுவார்கள். சாணமும் வைக்கோலும் தழையும் கலந்த குவியலை மண்வெட்டியால் வெட்டித் திறந்தால் உள்ளிருந்து புகைபோல ஆவி எழும். சிறுவயதில் அதற்குள் கையை நுழைத்து, சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே பனி, உள்ளே அடுப்பு. யாரும் தீ வைக்கவில்லை. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலைத் தின்று சுவாசித்துக்கொண்டிருந்தன. என் கையைச் சுட்டது போன போகத்து வெயில்.

அந்தச் சூடு மறுபடி செடிக்குப் போகாது. எந்த இலையாலும் வெப்பத்தைப் பிடித்துச் சர்க்கரை ஆக்க முடியாது, அதற்கு ஒளி வேண்டும். வெப்பம் காற்றில் கலந்து, கண்ணுக்குத் தெரியாத கதிராக இரவு வானம் வழியே விண்வெளிக்குப் போய்விடுகிறது. வாய்க்கால் உவமை இந்த இடத்தில் உடைகிறது. ஆவியான தண்ணீர் மழையாகத் திரும்பும். வெப்பமான ஆற்றல் திரும்பாது. ஆகவே பொருள் சுழல்கிறது, ஆற்றல் ஒரு முறை கடந்து போகிறது. சூரியன் தினமும் புதிதாகக் கொட்டிக்கொண்டிருப்பதால்தான் சுழற்சியும் ஓடுகிறது.

காலை வெயிலில் நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகும், எலும்புக்கு நல்லது. ஆனால் வைட்டமின் டி உடலை ஓட்டும் ஆற்றல் இல்லை. நம் தோலில் பச்சையம் இல்லை. வெயிலை மட்டும் உண்டு வாழ்வதாக யார் சொன்னாலும் நம்பிப் பட்டினி கிடக்காதீர்கள்.

கடலிலும் இதே கணக்கா?

ஆம். கடலில் புல்லின் இடத்தில் இருப்பவை நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியை அவையே செய்கின்றன. சாளை மீன் மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும், வஞ்சிரம் சாளையைத் துரத்தித் தின்னும். மீன் சந்தையில் சாளை குவியலாகவும் வஞ்சிரம் எண்ணிப் பார்க்கும்படியும் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்று இந்த மடைக் கணக்கு.

வெயிலே எட்டாத ஆழ்கடலில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 1977-ல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் கடல் தரையின் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் மொய்ப்பதைக் கண்டார்கள். அங்கே முதல் கண்ணி செடி இல்லை. ஊற்றில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வேதிப்பொருட்களிலிருந்து ஆற்றல் எடுக்கும் பாக்டீரியா. இந்த முறைக்கு வேதிச்சேர்க்கை என்று பெயர். அங்கும் பல உயிர்களுக்கு ஆக்சிஜன் தேவைப்படுகிறது, அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் பாசியும் செடியும் வெளியிட்டது.

இதையெல்லாம் ஒரே மாலையில் அண்ணன் மகளிடம் சொல்லவில்லை. அவள் அழித்து வரைந்த படத்தை இரண்டு நாள் கழித்துக் காட்டினாள். மூலையில் சூரியன். அங்கிருந்து புல், மான், புலி என்று அம்புகள் போகப் போக மெலிந்துகொண்டே வந்தன. ஒவ்வோர் உருவத்திலிருந்தும் சிவப்புப் பென்சிலில் இன்னோர் அம்பு மேலே போயிற்று. புலிக்கு அடியில் ஒரு காளான் வரைந்து, அதிலிருந்தும் ஒன்று போட்டிருந்தாள்.

"இந்தச் சிவப்பு அம்பெல்லாம் எங்கே போய் முடியும், அத்தை?"

"தாளுக்கு வெளியே" என்றேன். அவள் பென்சிலை எடுத்து, எல்லாவற்றையும் தாளின் விளிம்பு வரை நீட்டினாள்.